பெடியளை ஓட வைக்கிற வேலை: யாழ்ப்பாணத்தில் கல்லூரி நெடுந்தூர ஓட்டப் பயிற்றுநராக ஒரு முழு வழிகாட்டி

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். மத்திய கல்லூரி, ஹாட்லிக் கல்லூரி, தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி எல்லாம் பிள்ளைகள் உயர்தரம் வரைக்கும் படித்து வெளியேறுகிற இடங்கள். ஆகவே இங்கே கல்லூரிப் பயிற்றுநர் என்றால் 12 வயதுப் பிள்ளையையும் 19 வயது இளைஞனையும் ஒரே மைதானத்தில் மேய்க்கிற ஆள் என்று அர்த்தம்.

அடுத்தது 'மரதன்'. உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். எங்கட பள்ளிக்கூடங்களில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் வீதியில் ஓடுகிற ஐந்து, எட்டுக் கிலோமீற்றரும் மரதன்தான். வருடம் முழுக்க ஓடாத பெடியன் அன்று மட்டும் வெறுங்காலோடு ஓடுவான், முடிவுக்கோட்டில் விழுவான், குளுக்கோஸ் குடிப்பான், பத்திரிகையில் படம் வரும். அடுத்த மரதன் வரைக்கும் சப்பாத்தைத் தொடமாட்டான். நீங்கள் பொறுப்பெடுக்கப் போவது இந்தப் பழக்கத்தைத்தான்.

வடக்கு பாய்தலில் பெயர் எடுத்த மண். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. கோலூன்றிப் பாய்தலில் மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனை படைத்தார். நெடுந்தூர ஓட்டத்தில் அப்படிச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. புதிதாக வருகிறவருக்கு அதுவே ஒரு வசதி, இடம் காலியாகக் கிடக்கிறது.

எந்த வழியால் உள்ளே போவது

நிரந்தர வேலை வேண்டுமென்றால் உடற்கல்வி ஆசிரியராவதுதான் நேர்வழி. உயர்தரம் முடித்து, தேசிய கல்வியியற் கல்லூரிக்கு வர்த்தமானி வரும்போது உடற்கல்விப் பாடநெறிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. பிறகு ஆசிரியர் சேவையில் நியமனம். முதல் நியமனம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று கனவு காணவேண்டாம்.

பட்டம் எடுக்க விரும்பினால் பெலிஹுல்ஓயாவில் இருக்கிற சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் பயிற்றுநர் டிப்ளோமா நடத்துகிறது. உலக மெய்வல்லுநர் சங்கத்தின் முதலாம் நிலைப் பயிற்றுநர் பாடநெறிகள் இலங்கை மெய்வல்லுநர் சங்கத்தின் ஊடாக வரும். அறிவித்தல் வந்தவுடன் விண்ணப்பியுங்கள்.

இதோடு சிங்களம் படியுங்கள். ஒரு தேசியப் போட்டியில் 3000 மீற்றருக்கு வீரர்களைக் கூப்பிட்ட அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தது. என்னுடைய பிள்ளை மரத்துக்குக் கீழே சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தேன். ஆறு மாதப் பயிற்சி, இரவு பஸ், எல்லாம் அந்த ஒரு அறிவித்தலோடு போய்விட்டது. அந்த வருடமே சிங்கள வகுப்பில் சேர்ந்தேன்.

மூன்றாவது வழி, வெளியிலிருந்து வருகிற பயிற்றுநர். ஆசிரியர் நியமனம் இருக்காது. பழைய மாணவர் சங்கம் ஒரு கொடுப்பனவு தரும். லண்டன் கிளையும் ரொறன்ரோ கிளையும் சேர்ந்து அனுப்புகிற காசு வெற்றி வந்த மாதத்தில் வேகமாக வரும், மற்ற மாதங்களில் ஆறுதலாக வரும். எனக்கு ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. எவ்வளவு, எந்தத் திகதி, உபகரணச் செலவு யாருடையது என்பதை அதிபரின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி வையுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும், கேளுங்கள். கையில் வேறொரு வருமானமும் இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி அலகுப் போதனாசிரியர் பதவிகள் உண்டு, எண்ணிக்கை குறைவு. அங்கே வருகிற மாணவர் ஏற்கெனவே 20 தாண்டியவர், பழக்கங்கள் இறுகியிருக்கும்.

கல்லூரி ஓட்டப் பயிற்சியை வாழ்நாள் தொழிலாகவே செய்த இலங்கையர் ஒருவர் உண்டு, லூசியன் ரோசா. 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றவர். பிறகு அமெரிக்காவில் விஸ்கொன்சின் - பார்க்சைட் பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் ஓட்டப் பயிற்றுநராக இருந்தார். அங்கே அது சம்பளமும் உதவியாளரும் உள்ள முழுநேர உத்தியோகம். இங்கே சுண்ணாம்புக் கோடு போடுவதும் நீங்கள்தான், நாய் துரத்துவதும் நீங்கள்தான்.

மைதானத்தை அளங்கள்

பல பள்ளிக்கூட மைதானங்களில் 400 மீற்றர் தடம் அடங்காது. 'ஏறத்தாழ இருநூறு' என்று ஒரு தடம் இருக்கும், 190ஆகவும் இருக்கலாம், 210ஆகவும் இருக்கலாம். அதில் எடுத்த நேரத்தை வைத்து மாகாணப் போட்டிக்குப் போனால் ஏமாற்றம்தான்.

200 மீற்றர் தடம் போட ஒரு கணக்குத் தருகிறேன். நேர்ப்பக்கம் இரண்டும் 40 மீற்றர் வீதம் 80. மிச்சம் 120 மீற்றர் இரண்டு வளைவுக்கும். இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், 120ஐ 6.2832ஆல் பிரித்தால் 19.10 மீற்றர். ஓடுகிறவர் உள்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு, ஆகவே கோடு கீறும் ஆரை 18.90 மீற்றர். நடுவில் முளை அடித்து, கயிற்றை 18.90இல் முடிச்சுப் போட்டு, இழுத்துப் பிடித்துச் சுண்ணாம்பு போடுங்கள். நைலோன் கயிறு இழுபடும், கம்பி நல்லது. மொத்த நீளம் 78 மீற்றருக்குள் அடங்கும். ஒரு பின்னேரம் போதும்.

பெரிய போட்டிக்கு முன்னர் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் இரண்டு மூன்று முறை ஓட வையுங்கள். சின்ன வளைவில் பழகிய கால் பெரிய தடத்தில் வேகத்தைப் பிழையாகக் கணக்குப் போடும். செயற்கைத் தடத்தில் முதல் தடவை ஓடுகிற பிள்ளை கொழும்பு சுகததாச அரங்கில் முதல் சுற்றை எப்போதும் வேகமாக ஓடிவிடும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னாலும் ஓடும், ஆனால் இரண்டாம் சுற்றில் ஞாபகம் வரும்.

ஆளைப் பிடிப்பது

100 மீற்றரில் முதலாவதாக வந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்து 5000 ஓடச் சொல்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. வேண்டாம். மரதனில் எட்டாவதாக, பத்தாவதாக வந்து, மூச்சு வாங்காமல் நின்று பகிடி விடுகிற பிள்ளையைப் பாருங்கள். அவனிடம் 'தம்பி, பள்ளிக்கூடத்துக்கு எப்படி வாறனீ?' என்று கேளுங்கள். வேலணைத் தீவிலிருந்து பண்ணைப் பாலத்தால் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளைக்கு நீங்கள் இரண்டு வருடத்தில் கொடுக்கக்கூடிய அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது.

பிறகு கூப்பரின் 12 நிமிட ஓட்டம் வையுங்கள். மொத்தத் தூரத்தை எல்லாரும் எழுதுவார்கள். நான் முதல் ஆறு நிமிடத்தையும் பிந்திய ஆறு நிமிடத்தையும் தனித்தனியே எழுதுகிறேன். இரண்டாம் பாதியில் கூடுதலாக ஓடுகிற பிள்ளை மொத்தத்தில் குறைவாக ஓடியிருந்தாலும் என்னுடைய பட்டியலில் மேலே வரும். வேகத்தைப் பழக்கலாம், அந்த நிதானம் சிலருக்குக் கூடவே பிறந்திருக்கும்.

பெற்றோர்

உங்களுடைய உண்மையான போட்டியாளர் பக்கத்துப் பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன். பத்தாம் வகுப்புக்கு மேல் பின்னேரம் முழுக்க அங்கேதான். அதோடு சண்டை பிடித்து வென்ற பயிற்றுநரை நான் கண்டதில்லை. ரியூசன் நேர அட்டவணையை வாங்கி, அதற்குள் இருக்கிற ஓட்டைகளில் பயிற்சியை வையுங்கள்.

ஒருமுறை ஒரு தாய் சொன்னது: "சேர், ஓடி ஓடி மெலிஞ்சு போனாள். கறுத்தும் போனாள். கணக்கில 46 மாக்ஸ். நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?" நான் உடல் ஆரோக்கியம் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். அவ தலையாட்டினா, அடுத்த கிழமை பிள்ளை வரவில்லை. இப்போதென்றால் வேறு மாதிரிக் கதைப்பேன்: "அம்மா, காலமை அஞ்சரையில இருந்து ஆறரை மட்டும்தான். ஆறே முக்காலுக்குப் பிள்ளை வீட்டில. ஓஎல் சோதினைக்கு முதல் மூண்டு மாசம் கிழமைக்கு மூண்டு நாள் காணும்." நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துக்கே அனுப்பினால் நம்புவார்கள்.

பெண் பிள்ளைகள் என்றால் ஒரு ஆசிரியை கூட இருக்க வேண்டும், இருட்டில் வீதியில் தனியே ஓட விடக்கூடாது. மாதவிடாய் நாட்களைப் பற்றி அந்த ஆசிரியை மூலம் குறிப்பு வைத்திருங்கள். மூன்று மாதம் வராமல் நின்றால் பிள்ளை போதிய அளவு சாப்பிடாமல் ஓடுகிறாள் என்று சந்தேகப்பட்டு, பயிற்சியைக் குறைத்து வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

பயிற்சியைப் போடுவது

14 வயதுக்குக் கீழே கிழமைக்கு மூன்று நாள், 20-30 நிமிடம். அஞ்சலோட்டம், துரத்திப் பிடிப்பது, தடை தாண்டுவது. 'நெடுந்தூர வீரர்' என்று முத்திரை குத்தவேண்டாம்.

இதில் நான் விட்ட பிழையைச் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், 14 வயதுப் பெடியன் ஒருவன், சொன்னதெல்லாம் செய்வான். கிழமைக்கு 20 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தவனை ஒன்றரை மாதத்தில் 55க்குக் கொண்டுபோனேன், அதுவும் தார் வீதியில், தேய்ந்த சப்பாத்தோடு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் நோகிறது என்றான். 'பழகிவிடும்' என்றேன். விரலால் அழுத்தினால் ஒரே ஒரு புள்ளியில் துள்ளுவான். அது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. படம் எடுத்தபோது எலும்பில் வெடிப்பு. எட்டுக் கிழமை ஓய்வு. திரும்பி வந்தவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், நான் மறிக்கவில்லை. முன்னெலும்பு நெடுகப் பரவலாக நொந்தால் பயிற்சியைக் குறைத்துப் பாருங்கள். ஒரு விரல் நுனியால் மூடக்கூடிய இடத்தில் மட்டும் நொந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இனி 17 வயதில், 5000 மீற்றரை 17 நிமிடம் 30 செக்கனில் ஓடுகிற ஒருவனுக்கு ஒரு கிழமை. அவனுடைய போட்டி வேகம் கிலோமீற்றருக்கு 3:30; 400 மீற்றர் சுற்று 84 செக்கன், உங்கள் 200 மீற்றர் தடத்தில் 42.

செவ்வாய்: 800 மீற்றர் ஆறு தரம், ஒவ்வொன்றும் 2:48, இடையில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். புதன்: 40 நிமிடம் மெல்ல. வியாழன்: 20 நிமிடம் கிலோமீற்றருக்கு 3:45 - 3:50 வேகத்தில் ஒரே சீராக. சனி: 30 நிமிடம் மெல்ல, கடைசியில் 80 மீற்றர் வேக ஓட்டம் ஆறு தரம். ஞாயிறு: 70 நிமிடம் நீண்ட ஓட்டம். ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழரை ரியூசனுக்குக் குளித்துச் சாப்பிட்டுப் போகலாம். திங்களும் வெள்ளியும் ஓய்வு. வெள்ளி எப்படியும் கோயில். சூடாக்கும் ஓட்டத்தையும் சேர்த்து 45 கிலோமீற்றர் அளவில் வரும்.

'மெல்ல' என்பதுதான் பெடியளுக்கு விளங்காத சொல். இவனுக்கு மெல்ல என்றால் கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம் அளவில். பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வசனத்தில் கதைக்க முடிய வேண்டும். நான் சைக்கிளில் பின்னால் போய், நேற்றைய மட்ச்சைப் பற்றிக் கேட்பேன். 'ஓம் சேர்', 'இல்லை சேர்' என்று மட்டும் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது. ஓட்டத்தின் ஐந்தில் நாலு பங்கு இந்த வேகத்தில் போகவேண்டும். நாலு பேர் சேர்ந்தால் கடைசிக் கிலோமீற்றரில் ரேஸ் தொடங்கிவிடும். அதைத் தடுப்பதுதான் அநேக காலைகளில் என்னுடைய முழு வேலையும்.

மலை இல்லாத ஊரில் மலைப் பயிற்சி எப்படி என்று கேட்பீர்கள். மாதம் ஒருமுறை வான் பிடித்து வடமராட்சி கிழக்கு மணற்காட்டுக்குப் போவோம். மணல் மேட்டில் 20-25 செக்கன் ஏறி ஓடுவது, நடந்து இறங்குவது, எட்டுத் தரம். முதல் நாள் ஐந்து போதும். கெண்டைக்கால் அடுத்த நாள் பேசும். மற்றது காற்று. தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்தில் வேலணைப் பக்கம் ஓடினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதற்கு எதிரே பத்து நிமிடம் உழைத்து, திரும்பும்போது காற்றோடு ஆறுதலாக வரலாம். விடியவே போங்கள், பஸ் ஓடத் தொடங்கினால் பாலத்தில் ஒதுங்க இடம் காணாது.

வெக்கை, நாய், காய்ச்சல்

சித்திரை, வைகாசியில் கடினமான பயிற்சி காலை ஆறேகாலுக்கு முன்னர் முடிந்திருக்க வேண்டும். வெக்கை தாக்கி, ஒரு பிள்ளை தள்ளாடி, சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினால் முதலில் குளிர்ப்பாட்டுங்கள், பிறகுதான் ஆஸ்பத்திரி. எங்கட ஊரில் கிணறு இல்லாத வளவு குறைவு. நிழலில் கிடத்தி வாளி வாளியாக அள்ளி ஊற்றுங்கள், இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். மயங்கிய வாயில் தண்ணீர் பருக்காதீர்கள். போட்டி நாளில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர், ஐஸ், துவாய் வையுங்கள். குளுக்கோஸ் பெட்டியை விட அது முக்கியம்.

மாரியில் மைதானம் குளமாகும். ஒழுங்கையிலும் மண்டபத்திலும் சமாளிக்கலாம். ஆனால் அது டெங்குக் காலமும்கூட. காய்ச்சலோடு ஒருவரும் ஓடக்கூடாது. காய்ச்சல் பிள்ளைக்கு நோக் குளிசை என்று இபுபுரூபன், டைகுளோபெனாக் கொடுக்கவே கூடாது, டெங்கு என்றால் இரத்தக் கசிவு வரலாம். பரசிற்றமோல், வைத்தியர், இரத்தப் பரிசோதனை.

நாய்க்கு என்னிடம் விஞ்ஞானம் இல்லை. ஓடாமல் நிற்க வேண்டும், குனிந்து கல் எடுப்பது போலக் காட்ட வேண்டும். நின்ற நேரத்தைக் கடிகாரத்தில் கழிக்கச் சொல்லி எல்லாரும் கேட்பார்கள்.

சாப்பாடு

விடிய ஒரு வாழைப்பழம், ஒரு கோப்பைத் தண்ணீர். ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் புட்டும் முட்டையும், அல்லது பாணும் பருப்பும். ஒடியல் கூழ் அருமையான சாப்பாடு, ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு மட்டும் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் காரணமில்லாமல் களைத்தால், நேரம் பின்னுக்குப் போனால் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஃபெரிட்டின் என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. சாப்பாட்டோடு பிளேன்ரீ குடிப்பது இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். முருங்கையிலைக்கும் கீரைக்கும் மேலே தேசிக்காய் பிழிந்தால் கூட்டும். தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னால் வீட்டில் புரட்சி வெடிக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

போட்டி வருடம்

இல்லப் போட்டி, பிறகு வலயம், மாகாணம், கடைசியில் அகில இலங்கை. இடையில் சேர் ஜோன் டார்பட் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள். எல்லாவற்றிலும் உச்சத்தில் இருக்க ஒரு உடம்பாலும் முடியாது. வலயத்தைப் பயிற்சியின் நடுவில் ஓடித் தாண்டுங்கள். மாகாணத்துக்கு ஒரு கிழமை தூரத்தைக் குறையுங்கள். அகில இலங்கைக்குப் பத்து நாள். குறைப்பது தூரத்தை மட்டும், வேகத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அதிபர் ஒரே பிள்ளையை 800, 1500, 3000, அஞ்சலோட்டம் எல்லாவற்றிலும் இறக்கச் சொல்லுவார், புள்ளிக்காக. இல்லப் போட்டியில் விட்டுக்கொடுங்கள். மாகாணத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொப்பி

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: திகதி, தூரம், நேரம், நித்திரை, நோ. மாதம் ஒருமுறை உயரம். மளமளவென்று வளர்கிற மாதங்களில் தூரத்தைக் கூட்டுவதில்லை. ஆப் எல்லாம் நல்லதுதான், ஆனால் மைதானத்தில் வியர்த்த கையோடு பென்சில்தான் வேலை செய்யும்.

உயர்தரம் முடிந்தவுடன் பெரும்பாலான பிள்ளைகள் ஓட்டத்தை விட்டுவிடுவார்கள். பல்கலைக்கழகம், வெளிநாடு, வேலை. தொடர விரும்புகிறவர்களுக்கு பல்கலைக்கழக அணியின் பயிற்றுநரை நீங்களே தொடர்புபடுத்திவிடுங்கள், கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்புங்கள். ஓட்டத்துக்கு வயது எல்லை பெரிதாக இல்லை. முள்ளியவளை அகிலத்திருநாயகி 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றரில் தங்கம் எடுத்தவ.

நீங்கள் ஒரு கல்லூரியை விட்டுப் போகும்போது கொப்பியை அங்கேயே வையுங்கள். நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன். என் காசில் வாங்கிய கொப்பி, ஏழு மாதக் கொடுப்பனவுக் கோபமும் கொஞ்சம் இருந்தது. இரண்டு கிழமை கழித்து, என்னுடைய இடத்துக்குப் பயிற்றுநராகப் புதிதாக வந்த பெடியன் போன் எடுத்தான். "சேர், பத்தாம் வகுப்பில ஒரு பிள்ளை முன்னெலும்பில நோகுது எண்டுறா. போன மாசம் எவ்வளவு ஓடினவ எண்டு தெரியுமோ?" அன்றிரவு 140 பக்கத்தையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு மணியாகிவிட்டது.